ஓய்வுநாள், நோன்பு, இரக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பிலும், ஜெபக்கூட்டம் கலையும் நேரத்திலும், நோயாளிகளைப் பார்க்கப் போகும் இடங்களிலும் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த கேள்விகள் இவை. கத்தோலிக்கரும் கேட்டிருக்கிறார்கள், மற்ற சபையாரும் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். பலர் ஒரு குற்ற உணர்வை வெகுநாள் சுமந்துவிட்டுத்தான் கேட்டார்கள். அவர்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

இயேசு ஓய்வுநாளை மீறினாரா, இல்லையா? நேரா ஒரு பதில் சொல்லுங்க.

கட்டளையை அவர் மீறவில்லை. கட்டளையைச் சுற்றி வளர்ந்திருந்த விளக்கங்கள் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. மாற்கு 2ஆம் அதிகாரத்தில் பயிர்வழியே போன சீஷர்கள் கதிர் கொய்கிறார்கள். அவர்கள் பசியாயிருந்தார்கள் என்று மத்தேயு சொல்கிறார். அடுத்தவன் விளைச்சலில் கையால் கதிர் கொய்யலாம், அரிவாளை மட்டும் இடக்கூடாது என்று உபாகமம் 23:25 அனுமதிக்கிறது. ஆகவே யாரும் அவர்களைத் திருடர் என்று சொல்லவில்லை. கதிர் கொய்வது அறுவடைக்குச் சமம், அறுவடை ஓய்வுநாளில் ஆகாது என்பதுதான் குற்றச்சாட்டு.

இயேசு சொன்ன பதில் முழுவதும் வேதத்துக்குள்ளிருந்தே வருகிறது. தாவீது பசியோடு நோபு ஊருக்குப் போய், ஆசாரியர் மட்டுமே புசிக்கவேண்டிய அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டதை நினைவூட்டுகிறார். ஆலயத்தில் ஆசாரியர்கள் ஓய்வுநாளிலும் வேலை செய்கிறார்களே என்கிறார். ஓசியா தீர்க்கதரிசியை எடுத்துக்காட்டுகிறார். வேதத்தைச் சரியாக வாசித்தவன் பசித்தவனைக் குற்றவாளி ஆக்கமாட்டான் என்பதுதான் அவர் வாதம். "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்ற வசனம் அந்த வாதத்தின் முடிவில் நிற்கிறது. அதை மட்டும் தனியே பிய்த்து எடுத்தால், ஓய்வுநாளே தேவையில்லை என்று அவர் சொன்னதுபோல ஆகிவிடும்.

அப்போ பரிசேயர் எல்லாம் கல்நெஞ்சக்காரங்களா?

அப்படிப் பிரசங்கம் பண்ணுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை ஒதுக்கிவைக்கலாம் என்பது யூத மரபில் ஊறிய கொள்கை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா ஒரு எடுத்துக்காட்டு தருகிறது. ஓய்வுநாளில் சுவர் இடிந்து விழுகிறது. அடியில் ஆள் இருக்கிறாரா என்பதே சந்தேகம். இருந்தாலும் உயிரோடு இருக்கிறாரா என்பதும் சந்தேகம். ஆனாலும் இடிபாடுகளை அகற்றித் தேடவேண்டும் என்கிறது. அதற்கு முன்பே, மக்கபேயர் காலத்தில், ஓய்வுநாள் என்பதால் எதிர்த்து நிற்காமல் சுமார் 1000 பேர் வெட்டுண்டு செத்தார்கள். அதற்குப் பிறகுதான் கிளர்ச்சித் தலைவர் மத்தத்தியாவும் அவர் தோழர்களும், இனி ஓய்வுநாளிலும் நம்மைத் தற்காத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தார்கள் (1 மக்கபேயர் 2).

அப்படியானால் சண்டை எங்கே வந்தது? உயிர் போகாத நோயில் வந்தது. மாற்கு 3இல் இயேசு ஓய்வுநாளில் குணமாக்கிய, சூம்பின கையோடு இருந்தவர் மறுநாள் வரை சாகப்போவதில்லை. லூக்கா 13இல் 18 வருடமாக நிமிரமுடியாமல் கூனிப்போயிருந்த பெண்ணும் அப்படித்தான். ஜெபஆலயத் தலைவர் ஜனங்களைப் பார்த்துச் சொல்கிறார்: வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து குணமாகுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இயேசு அவரிடம் மாட்டைப் பற்றிக் கேட்கிறார். ஓய்வுநாளிலும் உன் எருதை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோகிறாயே, 18 வருடமாகக் கட்டுண்டிருந்த இவளை அவிழ்க்கக் கூடாதா? மாட்டின் தாகம் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்படுவதில்லை. அவளுடைய வலியை மட்டும் ஏன் தள்ளிவைக்கவேண்டும்? "நாளைக்கு வரலாமே" என்று சொல்பவருக்கு அந்த ஒரு நாள் வலிப்பதில்லை. கண்டிப்பைப் பற்றிய எந்தப் பேச்சிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: விதியைச் சொல்பவர் யார், அதன் பாரத்தைச் சுமப்பவர் யார்?

"பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன்"னு கர்த்தரே சொல்லிட்டாரே. அப்புறம் ஆராதனை, நோன்பு, தசமபாகம் எல்லாம் எதுக்கு?

இயேசு எடுத்துக்காட்டிய ஓசியாவின் வசனம்தான் இது. ஓசியா பேசியது கி.மு. 8ஆம் நூற்றாண்டில், பலிபீடங்கள் நிறைந்திருந்த ஒரு தேசத்திடம். பலி குறைந்துபோனது என்பது அவர் புகார் அல்ல. பலி நடக்கிறது, கூடவே பொய்யும் களவும் கொலையும் நடக்கிறது என்பதுதான். இயேசுவும் அதே வழியில் பேசுகிறார். கீரைக்கும் சீரகத்துக்கும்கூடத் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டவர்களைக் கண்டித்தபின், "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்று முடிக்கிறார் (மத்தேயு 23:23). குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கியவரே, போய் ஆசாரியனுக்குக் காண்பித்து மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து என்று அனுப்புகிறார்.

மலைப்பிரசங்கத்தில் ஒரு காட்சி உண்டு. காணிக்கையோடு பலிபீடத்துக்கே வந்துவிட்டாய். சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று அங்கே நினைவு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்கிறார் இயேசு. காணிக்கையை ரத்து செய்யவில்லை. அதைக் காக்க வைக்கிறார். வருத்தத்தோடு இருக்கும் சகோதரனைக் காக்க வைக்கவில்லை.

பழைய ஏற்பாடுன்னா கண்டிப்பு, புதிய ஏற்பாடுன்னா இரக்கம். இவ்வளவுதானே?

இல்லை. லேவியராகமத்தைப் பொறுமையாக வாசியுங்கள். பாவநிவாரணத்துக்கு ஆடு கொண்டுவர வசதியில்லையா, இரண்டு புறா போதும். அதற்கும் வழியில்லையா, கொஞ்சம் மாவு போதும் (5ஆம் அதிகாரம்). ஏழையின் கையைப் பார்த்து இறங்கிவருவது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது செலுத்தியது அந்த ஏழைகளின் காணிக்கைதான் (லூக்கா 2:24). பிணத்தைத் தொட்டதால் தீட்டுப்பட்டவர்களும் தூரப் பயணம் போனவர்களும் பஸ்காவை இழந்துவிடாதபடி, ஒரு மாதம் கழித்து இரண்டாம் பஸ்கா வைக்கப்பட்டது (எண்ணாகமம் 9).

எனக்கு மிகப் பிடித்தது 2 நாளாகமம் 30. எசேக்கியா ராஜா அழைத்து, வடக்கேயிருந்து வந்த ஜனங்கள் பலர் தங்களைச் சுத்தம்பண்ணிக்கொள்ளாமலே பஸ்காவைப் புசித்துவிட்டார்கள். எழுதியிருந்த முறைக்கு அது விரோதம். ராஜா அவர்களை விரட்டவில்லை. தேவனைத் தேட இருதயத்தை நேராக்கினவர்களை, சுத்தம் குறைவுபட்டாலும் மன்னியும் என்று ஜெபித்தார். கர்த்தர் அந்த ஜெபத்தைக் கேட்டார் என்று அதிகாரம் சொல்கிறது.

அப்படின்னா ஓய்வுநாள்ல விறகு பொறுக்கினவனைக் கல்லெறிஞ்சு கொன்னாங்களே, அது?

எண்ணாகமம் 15இல் இருக்கிறது. கடினமான பகுதிதான், அதை மெழுகிப் பேச எனக்கு மனமில்லை. அதற்கு முந்தின வசனங்கள் அறியாமல் செய்த பாவத்துக்கும் துணிகரமாய்ச் செய்த பாவத்துக்கும் வித்தியாசம் காட்டுகின்றன. இந்தச் சம்பவத்தை இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டாகப் பலர் வாசிக்கிறார்கள். அவன் குளிரில் நடுங்கினான் என்றோ, பிள்ளை பசித்திருந்தது என்றோ வசனம் சொல்லவில்லை. நாமாகச் சேர்க்கவேண்டாம்.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். தங்களை ஏற்றுக்கொள்ளாத கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கட்டளையிடலாமா என்று கேட்ட யாக்கோபையும் யோவானையும் இயேசு அதட்டினார். எண்ணாகமம் 15ஐக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒருவரை மிரட்டுகிறவரும் அந்த அதட்டலுக்குள் வருகிறார்.

சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, வயசானவங்க நோன்பு இருக்கணுமா? மாத்திரை போட்டா நோன்பு முறிஞ்சிடுமா?

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும் வரைதான். அந்த வயதுக்குள்ளும் உடல்நிலை இடம் கொடுக்காதவர்களை அது கட்டாயப்படுத்தவில்லை. நற்கருணைக்கு முந்தின ஒரு மணி நேர நோன்பில் தண்ணீரும் மருந்தும் கணக்கில்லை. முதியோரும் நோயாளிகளும், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். கவனிப்பவரையும் சேர்த்தது எனக்கு மிகவும் பிடிக்கும். இரவெல்லாம் விழித்தவரின் பசியையும் சட்டம் கண்டிருக்கிறது.

அந்த ஒரு மணி நேரமும் எப்போதும் அப்படி இருந்ததில்லை. முன்பு நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் கூடாது. தண்ணீர் நோன்பை முறிக்காது என்று 1953இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். 1957இல் அதை மூன்று மணி நேரமாக்கினார். 1964இல் ஆறாம் பவுல் ஒரு மணி நேரமாக்கினார். மற்றச் சபைகளில் பெரும்பாலும் நோன்பு அவரவர் விருப்பம். 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்காக ஒழுங்கு எழுதிய பெனடிக்ட்கூட, நோயாளிகளைக் கவனிப்பதே எல்லாவற்றுக்கும் முதல் என்றார். மிகவும் பலவீனமான நோயாளிக்கு இறைச்சியை அனுமதித்தார். விருந்தாளி வந்தால் மடத்துத் தலைவர் தம் நோன்பை விட்டுவிட்டு அவரோடு சாப்பிடலாம் என்றார். ஆகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்சுலின் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பது உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

படுத்த படுக்கையா இருக்கிற அம்மாவைப் பார்த்துக்கிறேன். பல மாசமா ஞாயிறு ஆராதனைக்குப் போகலை. பாவமா?

இல்லை. நோயும் கைக்குழந்தை பராமரிப்பும் ஞாயிறு கடமையிலிருந்து விலக்கு அளிக்கும் காரணங்கள் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் வெளிப்படையாகச் சொல்கிறது. ஓய்வுநாளை மிகக் கண்டிப்பாக அனுசரித்த பியூரிட்டன் மரபினர் 1640களில் எழுதிய வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும், அவசியமான காரியங்களையும் இரக்கச் செயல்களையும் அந்த நாளின் கடமைகளோடுதான் சேர்க்கிறது. பிரெஞ்சுக் குரு வின்சென்ட் தெ பவுல் 17ஆம் நூற்றாண்டில் தாம் தொடங்கிய சபையின் சகோதரிகளுக்குச் சொன்னது இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஜெபத்தின் நடுவே ஏழை நோயாளி அழைத்தால் எழுந்து போங்கள், அது கடவுளை விட்டுக் கடவுளிடமே போவது. மறுபக்கத்தையும் பாருங்கள். பெற்றோருக்குச் சேரவேண்டியதை "கொர்பான், அது காணிக்கை" என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு மாற்கு 7இல் எவ்வளவு கடுமையாகப் பேசினார்!

கேள்வியைத் திருப்பி உங்கள் சபையிடமும் கேட்கவேண்டும். 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ரோம கிறிஸ்தவர்களின் ஞாயிறு கூடுகையை விவரிக்கிறார். வரமுடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்கிறார். வரமுடியாதவரைத் தேடிப் போவது சபையின் வேலை. நீங்கள் போகாத மாதங்களில் யாரும் வரவில்லை என்றால், கூச்சப்படாமல் போதகரையோ பங்குத்தந்தையையோ அழைத்து வரச் சொல்லுங்கள்.

நர்ஸ், பஸ் டிரைவர், காவலாளி, இவங்களுக்கு ஞாயித்துக்கிழமை டியூட்டி விழுதே?

மேலே சொன்ன பதிலே பொருந்தும். வேறு நாளில் ஓய்வையும் ஆராதனையையும் தேடிக்கொள்ளுங்கள். ஆனால் டியூட்டி போடுகிற இடத்தில் இருக்கும் கிறிஸ்தவருக்குத் தனியாக ஒரு வசனம் இருக்கிறது. உபாகமம் 5:14, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும் என்கிறது. ஆளுக்கு வாரம் ஒரு நாளாவது விடுப்பு தராமல் தான் மட்டும் ஓய்வுநாள் அனுசரிப்பது அந்தக் கட்டளையைப் பாதி கிழிப்பது.

நல்ல சமாரியன் கதையில ஆசாரியன் தீட்டுக்குப் பயந்துதானே விலகிப் போனான்?

எல்லோரும் அப்படிச் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். லூக்கா 10 காரணம் எதையும் சொல்லவில்லை. அந்த ஆசாரியன் எருசலேமிலிருந்து இறங்கிப்போகிறவன், ஆலயப்பணியை நோக்கிப் போகிறவன் அல்ல. பிணத்தைத் தொடக்கூடாது என்று லேவியராகமம் 21 ஆசாரியருக்குத்தான் சொல்கிறது. லேவியனுக்கு அந்தக் கட்டுப்பாடு அங்கே இல்லை. அதற்கும் மேலாக, வழியில் அநாதையாகக் கிடக்கும் பிணத்தைப் பிரதான ஆசாரியனே தீட்டுப்பட்டாவது அடக்கம்பண்ணவேண்டும் என்பது மிஷ்னாவில் உள்ள கருத்து. கதையில் அடிபட்டுக் கிடந்தவனோ இன்னும் குற்றுயிராய் இருந்தான்.

ஆகவே சட்டம் அவர்களைத் தடுத்தது என்று சொல்வதற்கில்லை. பயமாக இருக்கலாம், அவசரமாக இருக்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், நாமும் நம் தயக்கத்துக்கு ஒழுங்கின் பெயரைச் சூட்டிவிடுகிறோம். "சபை விதி இடம் கொடுக்கவில்லை" என்று யாராவது உதவியை மறுத்தால், எந்த விதி என்று மரியாதையோடு கேட்டுப் பாருங்கள். பல சமயம் அப்படி ஒரு விதியே இருக்காது.

ஆலயப் பொருளை வித்து ஏழைக்குக் கொடுக்கலாமா? "தரித்திரர் எப்போதும் உங்களோடு இருக்காங்க"ன்னு இயேசுவே சொன்னாரே?

விற்றிருக்கிறார்கள். 4ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ், சிறைப்பட்டவர்களை மீட்பதற்காக ஆலயப் பாத்திரங்களை உருக்கினார். எதிர்ப்பு வந்தபோது எழுத்திலேயே பதிலும் சொன்னார். 5ஆம் நூற்றாண்டில் அமிதா நகர ஆயர் அகாசியு செய்தது இன்னும் துணிச்சலானது. ரோமப் படையிடம் சுமார் 7000 பாரசீகக் கைதிகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரி நாட்டார். அவர் தம் குருக்களைக் கூட்டி, நம் கடவுள் உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை, அவருக்குத் தட்டும் கிண்ணமும் தேவையில்லை என்று சொல்லிப் பொன் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கவைத்தார். கைதிகளை மீட்டு, சாப்பாடு போட்டு, வழிச்செலவும் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். சபை வரலாறு எழுதிய சோக்ரதேஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

நீங்கள் சொல்லும் வசனம் இயேசுவின்மேல் பரிமள தைலம் ஊற்றிய பெண்ணைப் பற்றியது. "தரித்திரர் எப்போதும்" என்பது உபாகமம் 15:11இன் எதிரொலி. அங்கே அந்த வாக்கியம், ஆகையால் கையைத் தாராளமாய்த் திற என்று முடிகிறது. மாற்கு 14:7இலும், மனமிருக்கும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்று கூடவே இருக்கிறது. அந்தப் பெண் தன் சொந்தப் பொருளை, சாகப்போகிற ஒருவருக்காகச் செலவழித்தாள். அதைக் காட்டி ஏழைக்கு மறுக்க வழியில்லை.

தற்கொலை செஞ்சுக்கிட்டவருக்கு அடக்க ஆராதனை கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அது சரியா?

சரியில்லை. பழைய வழக்கம் அப்படி இருந்தது உண்மை. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகமும் 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கச் சட்டத்தொகுப்பும் மறுத்தன. 1983இல் வந்த புதிய கத்தோலிக்கத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனநோயும் வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கவேண்டாம் என்றும் மறைக்கல்வி நூல் சொல்கிறது. யாராவது மறுத்தால் இதை எடுத்துக்காட்டுங்கள், மேலிடத்தில் பேசுங்கள். இறந்தவரைத் தண்டிப்பதாக நினைத்துச் செய்யும் அந்த மறுப்பு, அழுதுகொண்டிருக்கும் அவர் தாயின்மேல் விழுகிறது.

எல்லாத்துக்கும் இரக்கம், இரக்கம்னா சபையில ஒழுங்கே இருக்காதே?

இந்தக் கவலை பழையது, மரியாதைக்குரியதும்கூட. 250இல் தேசியு பேரரசன் எல்லோரும் ரோம தெய்வங்களுக்குப் பலியிடவேண்டும் என்று கட்டளையிட்டபோது, பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். உபத்திரவம் தணிந்ததும் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள். உள்ளே சிறைப்பட்டவர்களும் அடிபட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் எதுவுமே நடக்காததுபோல இவர்களைச் சேர்க்க முடியுமா? ரோமச் சபையின் மூப்பர் நொவாத்தியன் கூடாது என்றார். கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் நடுவழி எடுத்தார்: மனந்திரும்புதலுக்குக் காலம் உண்டு, ஆனால் கதவு சாத்தப்படாது. அடுத்த உபத்திரவம் நெருங்கியபோது அந்தக் காலத்தையும் சுருக்கி அவர்களைச் சேர்த்துக்கொண்டார். 325இல் நிசேயா சங்கம், சாகும் தறுவாயில் கேட்பவருக்குத் திருவிருந்தை மறுக்கவேண்டாம் என்று விதியாகவே எழுதியது.

ஒழுங்கும் இருந்தது, அது மனிதரின் நிலையைப் பார்த்து வளைந்தும் கொடுத்தது. சலுகை கேட்கும்போது நீங்கள் கேட்டுக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு: இதனால் யாருடைய பாரம் குறைகிறது? அடுத்தவர் பாரம் குறைந்தால் தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் சோம்பல் மட்டுமே பலனடைந்தால் அதற்கு இரக்கம் என்று பெயர் வைக்கவேண்டாம்.

என் மாமியார் எல்லா நோன்பும் விடாம இருப்பாங்க. "இதெல்லாம் தேவையில்லை அத்தை"ன்னு சொல்லிட்டேன். அழுதுட்டாங்க.

ரோமர் 14ஐ இருவரும் சேர்ந்து வாசியுங்கள். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணக்கூடாது, புசியாதவனும் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது என்கிறார் பவுல். அத்தை தம் நோன்பை உங்கள்மேல் சுமத்தாதவரை அது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. கண்டிப்பானவர்களுக்கும் இரக்கம் தேவைப்படும். அவர் உடம்பு தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை விஷயம் முன்பே சொன்னதுதான்.

தப்பு செஞ்ச ஊழியரை மன்னிச்சு விட்டுடணும், அதுதான் கிறிஸ்தவ இரக்கம்னு மூப்பர்கள் சொல்றாங்க. பாதிக்கப்பட்டது ஒரு சின்னப் பொண்ணு.

லூக்கா 13க்குத் திரும்பிப் போங்கள். அங்கே இயேசுவின் கண் கூனிப்போன பெண்ணின்மேல் இருந்தது. ஜெபஆலயத்தின் மரியாதைமேல் இல்லை. இங்கே கூனிப்போயிருப்பது அந்தப் பிள்ளை. இரக்கத்தின் முதல் உரிமை அவளுக்கு. சிறியவர்களுக்கு இடறலாக இருப்பவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று சொன்னவரும் அதே இயேசுதான்.

அவர் மனந்திரும்பட்டும், அதற்காக ஜெபிக்கலாம். மன்னிப்பதா என்பதை அந்தப் பிள்ளையிடமிருந்து யாரும் கட்டாயப்படுத்திப் பிடுங்கக்கூடாது. ஊழியப் பொறுப்பிலிருந்து அவரை இன்றே விலக்கவேண்டும். பிள்ளைகள் இருக்கும் எந்த இடத்துக்கும் திரும்ப அனுப்பக்கூடாது. மூப்பர்கள் கூடி விசாரித்து முடிவெடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். காவல்துறையிடம் புகார் கொடுங்கள். போகும்போது அந்தப் பெண்ணின் அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள்.